நாலாம் மாடிக் கதவு

லிஃப்ட் மேலே ஏறி வரும் சத்தம் கேட்டபோது அவள் யாரோ ஒரு பெரியவருடைய மேல்வரிசைப் பற்களை மெழுகில் நட்டுக்கொண்டிருந்தாள். பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. வாரநாட்களில் முடியாததைச் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துவந்து சமையலறை மேசைமேல் பரப்பிக்கொள்வாள். கடைவாய்ப் பல் ஒன்றை விரலால் அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவளின் காது மட்டும் சுவர்ப்பக்கம் போய்விட்டது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் லிஃப்ட் ஓடும் குழி. கயிறு இழுபடுவதும், எடைக்கட்டை இறங்குவதும், ஒவ்வொரு மாடியையும் தாண்டும்போது பெட்டி 'டொக்' என்று ஒரு சொடுக்குப் போடுவதும் அவளுக்கு அத்துப்படி. சத்தம் நாலாம் மாடியில் வந்து நின்றது. கதவு திறந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அது. ஆனால் இனிமேல் அந்த நாளில் லிஃப்ட் இப்படி வந்து நிற்கவேண்டிய அவசியம் இல்லை. மகளுக்குப் பதினெட்டு நிறைந்து பள்ளிப்படிப்பும் முடியும்வரை அப்பா மாதாமாதம் ஜீவனாம்சம் தரவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. போன மாதத்தோடு இரண்டும் முடிந்துவிட்டன. பணம் வைத்த கடைசிக் கவர் லிஃப்டில் வந்தது, அவள் எடுத்துக்கொண்டாள், அத்தோடு சரி.

கையைத் துடைத்துக்கொண்டு வாசற்கதவைத் திறந்தாள். எதிரே லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. எப்போதும் கவர் கிடக்கும் இடத்தில், தரையின் நட்டநடுவில், ஒன்றும் இல்லை. தரை மட்டும் அப்போதுதான் யாரோ துடைத்ததுபோல ஈரமாக மினுங்கியது.

"ஓஹோ," என்றாள் அவள், காலி லிஃப்டைப் பார்த்து. "இனிமே ஒண்ணும் இல்லன்னு காட்டறதுக்கு ஒரு சவாரியா?"

கையை மட்டும் உள்ளே நீட்டிக் கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினாள். கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் இறங்கிப்போனது.

மகளின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்ட் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் பொறுப்பில்தான் இருந்தது. பழைய லிஃப்ட், மாதம் ஒரு தடவையாவது தகராறு செய்யும். "நீங்களே இங்க குடிவந்துடுங்க, தலைவலி தீரும்" என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னதால்தான் அவர்கள் நாலாம் மாடிக்கு வந்ததே. பிரிந்த பிறகு அவர் ஊரின் மறுகோடியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். மனைவியை விட்டுவிட முடிந்தது, லிஃப்டை விட முடியவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை சர்வீஸுக்கு வந்தே ஆகவேண்டும்.

தீர்ப்பு வந்த முதல் மாதம் அவர் கவரோடு வாசலில் வந்து நின்றார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், அவளும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை இன்னொரு வார்த்தையை இழுத்தது. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. ஏழு வயது மகள் மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மகளை அப்படிப் பார்த்த பிறகுதான் அவளுக்கு வெறி வந்தது. "இனிமே இந்த மாடியில உங்க காலு படக்கூடாது" என்றாள். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த மாதம் லிஃப்ட் வந்து நின்ற சத்தம் கேட்டு, மறுபடியும் ஒரு சண்டைக்குத் தயாராகக் கதவைத் திறந்தாள். லிஃப்டுக்குள் கவர் மட்டும் கிடந்தது. கீழே நின்று அதைத் தரையில் வைத்து, நாலாம் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு, அவர் வெளியே வந்துவிட்டிருக்கிறார். அவள் கவரை எடுத்துக்கொண்டு லிஃப்டைக் கீழே அனுப்பினாள். லிஃப்ட் காலியாகத் திரும்பினால் கவர் அவளிடம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. வருஷக்கணக்கில் அதுதான் நடந்தது.

குழந்தைக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. "அப்பா வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு ஓடுவாள், லிஃப்டுக்குள் குனிந்து பார்ப்பாள். கவரோடு சிலசமயம் வண்ணப் பென்சில் பெட்டியோ, ஒரு குட்டி டார்ச்லைட்டோ இருக்கும். பதிலுக்கு அவள் தான் வரைந்த படத்தைத் தரையில் வைத்து, "அப்பாகிட்ட குடு" என்று லிஃப்டுக்கே உத்தரவு போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கவும் போய்வந்தாள். பதினாலு வயதில் இரண்டையும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க போனா ரெண்டு பேரும் டிவியத்தான் பாக்கறோம். அத இங்கயே பாக்கலாம்ல" என்றாள்.

அவர் மட்டும் நாலாம் மாடியில் காலே வைக்கவில்லை. மற்ற மாடிகளில் வெளியே நின்று கதவைக் கழற்றிச் சரிபார்ப்பவர், நாலாம் மாடிக் கதவை மட்டும் குழிக்குள் இருந்தபடியே, லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு பார்த்தார். சனிக்கிழமை காலைகளில் அவள் அடுப்பருகே நிற்கும்போது, சுவருக்குள்ளே ஸ்பேனர் தட்டும் சத்தம் கேட்கும். பிறகு, குழியில் படிந்த தூசுக்கு ஒரு இருமல். ஒரு கை தூரம்தான், நடுவில் ஒரு சுவர். அந்த நேரத்தில் அவள் கரண்டியைக்கூடச் சத்தம் வராமல் வைப்பாள். சத்தம் மேலேயோ கீழேயோ நகர்ந்துபோன பிறகுதான் மூச்சு விடுவாள்.

காலி லிஃப்ட் வந்து சில நாட்களில் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்தது. வேறு ஊர். ஹாஸ்டலில் தங்கவேண்டும். சேரும் முன்பே ஒரு பெரிய தொகை கட்டவேண்டும். மகள் சந்தோஷத்தில் கட்டிலில் ஏறிக் குதித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எந்த நகை எவ்வளவு தாங்கும் என்று மனசுக்குள் எடைபோட்டாள்.

சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பாகிட்ட கேளும்மா."

"கோர்ட்டு சொன்னது முடிஞ்சுபோச்சு கண்ணு."

"கோர்ட்டு சொன்னதுதானே முடிஞ்சுது. அப்பா முடிஞ்சுபோயிட்டாரா?"

"வாய அலம்பு. பேச்சப் பாரு."

"நீ கேக்கலேன்னா நான் போய்க் கேக்கறேன். வர்ற மொதச் சனிக்கிழமை கீழ எறங்கி நிக்கறேன்."

"நீ போய் நிக்க வேணாம்," என்றாள் அவள். தன் குரலிலேயே ஒரு பல் கடிபடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. "பொண்ண அனுப்பிக் காசு கேக்கறான்னு ஒரு பேச்சு எனக்கு வேணாம். கேக்கணும்னா நானே கேக்கறேன்."

"சத்தியமா?"

"கேக்கறேன்னு சொல்றேன்ல. என்ன, பத்திரத்துல எழுதிக் குடுக்கணுமா?"

அடுத்த முதல் சனிக்கிழமை லிஃப்ட் வந்தது. மகள் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தாள். சுவருக்குள் அன்று ஸ்பேனர் சத்தம் இல்லை, இருமலும் இல்லை. லிஃப்ட் மட்டும் நேராக ஏறி வந்து நின்றது. கதவைத் திறந்தாள். விளக்கு, துடைத்த தரை, வெறுமை. இந்தத் தடவை கதவு மூடிக்கொள்ளவே இல்லை. கீழேயிருந்து அதை மூடவிடாமல் நிறுத்திவைக்க ஒரு வழி உண்டு என்று எப்போதோ அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. லிஃப்ட் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஏறி, இறங்கி, கேட்டுவிட வேண்டியதுதான். ஒரு காலைத் தூக்கினாள்கூட. லிஃப்டின் பின்சுவரில் பதித்த கண்ணாடியில் வாராத தலையும், வெளுத்துப்போன வீட்டு உடுப்பும், முழங்கைவரை காய்ந்த, பல் அச்சு வார்க்கும் வெள்ளைச் சாந்துமாக ஒருத்தி நின்றாள். இந்தக் கோலத்தில் போய் அவர் முன்னால் நின்று கேட்பதா? அதுவும் காலியை அனுப்பிக் கேலி பண்ணுகிறவரிடம்? அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டும் கடைசி நாளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, மனசில்லாமல் மூடுவதுபோல, கதவு மெல்ல மூடியது.

"கேட்டியாம்மா?" என்றாள் மகள் சாயங்காலம்.

"அவரு அவசரமாப் போயிட்டாரு. அடுத்த மாசம் கேக்கறேன்."

மகள் நம்பவில்லை. இரண்டு வாரம் பொறுத்துவிட்டுத் தானே அப்பாவின் எண்ணுக்குப் போன் செய்தாள். "ரெண்டு தடவ அடிச்சேன். எடுக்கல" என்றாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. 'பாத்தியா உங்கப்பா லட்சணத்த' என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

மூன்றாவது மாதத்து முதல் சனிக்கிழமை, அவள் குளித்துத் தலைவாரி, வெளியே போகும் உடை ஒன்றைத் தேய்த்து உடுத்திக்கொண்டாள். பற்களையும் மெழுகையும் தொடவில்லை. மேசையருகே சும்மா உட்கார்ந்து, சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தாள். 'எனக்காகக் கேக்கல, உங்க பொண்ணுக்காகக் கேக்கறேன்.' வேண்டாம், அது நாடகம் மாதிரி இருக்கிறது. 'அவளுக்கு இடம் கெடச்சிருக்கு.' அது போதும். மிச்சத்தை அவர் கேட்கட்டும். மகள் அறை வாசலில் நின்று, "ரொம்ப நல்லாத்தான் இருக்க. அப்பா அசந்துடப் போறாரு" என்று சீண்டினாள். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது சுவருக்குள் இருமல் கேட்டது. ஒரே ஒரு தடவை. தூசுக்கு இருமும் அந்த வறட்டு இருமல், அடுப்புக்கு நேர் பின்னால். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வந்துட்டாரு" என்றாள் மகள், ஏழு வயதுக் குரலில்.

லிஃப்ட் ஏறி வந்தது. காலி. அவள் உள்ளே கால் வைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் சனிக்கிழமை காலையில் அவள் அதில் ஏறியதே இல்லை. கதவு மூடியது. இறங்கும்போது தலைமுடியை ஒரு தரம் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டாள், முதன்முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் முன் போகும்போது செய்ததுபோல. அதை நினைத்துத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. காவல்காரர் தன் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாளை விசிறியாக வீசிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"என்ன பல்லு டாக்டரம்மா, காலங்காத்தால ஜோரா கெளம்பிட்டீங்க?" என்றார். அவள் டாக்டர் இல்லை என்று அவருக்கும் தெரியும், ஆனால் இந்த வேடிக்கையை அவர் விடமாட்டார்.

"அவரு எங்கண்ணே?"

"யாரு?"

"லிஃப்ட் பாக்கறவரு. இப்பதானே மேல அனுப்பினாரு."

காவல்காரரின் கையில் செய்தித்தாள் நின்றது. அவர் எழுந்து நின்றார்.

"தங்கச்சி," என்றார். வேடிக்கைப் பெயர் எங்கேயோ போய்விட்டது. "உனக்கு யாரும் சொல்லலியா?"

போன முதல் சனிக்கிழமைக்கு அடுத்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டதாம். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீடு திரும்பவில்லை. அவருடைய அண்ணன்தான் எல்லாம் செய்தாராம். வழக்கு நடந்த நாளிலிருந்து இவள் குரலைக் கேட்கக்கூட விரும்பாத மனுஷர் அவர்.

"அவங்கண்ணன் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்மா. நீயும் எப்பவும்போல வேலைக்குப் போயிட்டு வந்துட்டிருந்த. சரி, பிரிஞ்சவங்க, அப்படித்தான் இருப்பாங்கன்னு நானும் வாயத் தொறக்கல."

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "அதுக்கு முன்னாடி," என்றாள். "ரெண்டு மாசம் காலியா அனுப்பினாரே. அது எதுக்கு?"

காவல்காரர் தரையைப் பார்த்தார். "உன்னப் பாக்கணும்னுதான். மொத தடவ சலவைச் சட்ட போட்டுட்டு வந்திருந்தாரு. கையில ஒரு கவர். மேல அனுப்பிடலாமேன்னு கேட்டேன். 'இது லிஃப்ட்ல அனுப்பற கவர் இல்லண்ணே, கையில குடுக்கற கவரு. கோர்ட்டு சொல்லிக் குடுக்கறது இல்ல இது'ன்னாரு. சரி, மேல போய்க் குடுங்கன்னேன். அந்த மாடியில கால் வைக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்காராமே. நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமான்னேன். அதுக்கும் வேணாம்னுட்டாரு. 'உள்ள ஒண்ணும் வைக்காம அனுப்பினா, என்னடா இதுன்னு கேக்கவாவது எறங்கி வருவா'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. லிஃப்ட் எறங்கி வந்துச்சு. கதவு தொறந்துச்சு. யாரும் இல்ல. சிரிச்சாரு. 'சேந்துடுச்சுன்னு சொல்றாண்ணே'ன்னாரு." காவல்காரர் தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தார். "ரெண்டாவது தடவ நிக்கக்கூட முடியல. இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாரு. கதவ ரொம்ப நேரம் தொறந்தே வெச்சிருந்தாரு. அந்தக் கவரப் பையில போட்டுக்கிட்டேதான் போனாரு. அவரு ரூம்ல இருந்ததெல்லாம் அவங்கண்ணன் வாரிட்டுப் போயிட்டதாக் கேள்வி."

"இன்னிக்கு லிஃப்ட அனுப்பினது யாருண்ணே?"

"யாரும் வரலியே. புது ஆளு அடுத்த வாரந்தான் வர்றாரு." அவர் லிஃப்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். "பழைய லிஃப்டு. அது பாட்டுக்கு ஏறும், எறங்கும்."

அவள் படியேறித்தான் மேலே போனாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். சொல்லி முடித்த பிறகும் மகள் அழவில்லை. மேசைக்கு அடியில் பார்வையைப் பதித்திருந்தாள். பிறகு கேட்டாள். "அப்போ இருமினது?"

"பக்கத்து வீட்ல யாராவது இருமியிருப்பாங்க."

"சரிம்மா," என்றாள் மகள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

கடைசி நாளுக்கு முன்பே பணத்தைக் கட்டினார்கள். கழுத்திலும் கையிலும் இருந்தது போயிற்று, பல் செட் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே சம்பளத்தில் முன்பணம் கொடுத்தார். அந்தக் கவரில் என்ன இருந்தது என்று அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. பணமாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். பேசப்போனால், இறங்கிப் போகாமல் இருந்தது யார் என்ற இடத்தில்தான் போய் நிற்கும். மகள் ஊருக்குக் கிளம்பிய காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறியவள், கதவு மூடும் நேரத்தில் உள்சுவரை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

புது மெக்கானிக் வந்தான். சின்ன வயசுக்காரன், வாய் ஓயாமல் பேசுபவன். வேலை முடிந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டான்.

"அக்கா, மொதச் சனிக்கிழமையன்னிக்கு இந்த லிஃப்ட் தானா இந்த மாடிக்கு வந்துச்சுன்னு கீழ சொல்றாங்களே?"

"அப்படி எதுவும் செட் பண்ணி வெச்சிருக்காங்களாப்பா?"

"இதுலயா?" அவன் சிரித்தான். "இது அந்தக் காலத்து மெஷினுக்கா. இதுக்கு மாசமும் தெரியாது, கெழமையும் தெரியாது. ஆனா ஒண்ணு. எல்லா மாடிக் கதவும் உள்பக்கம் கிரீஸும் அழுக்குமா கெடக்கு. உங்க மாடிக் கதவு மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கு, மொகம் பாக்கலாம்." தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான். "அப்புறம் உங்க சமையக்கட்டுக்குப் பின்னாடி, குழிச்சுவத்துல, யாரோ படமா ஒட்டி வெச்சிருக்காங்க. குழந்தைங்க வரைஞ்ச மாதிரி இருக்கு. வீடு, சூரியன், அம்மா, அப்பா. கீழருந்து மேல வரைக்கும். லிஃப்டு தலைமேல ஏறி நின்னாத்தான் தெரியும். கிழிச்சுடட்டுங்களா?"

அவள் காலித் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"இருக்கட்டும்," என்றாள்.

அவன் போன பிறகு அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். சுவர் சுவராகத்தான் இருந்தது.

அடுத்த முதல் சனிக்கிழமை வந்தது. புது மெக்கானிக் அந்த வாரம் வியாழக்கிழமையே வந்துவிட்டுப் போயிருந்தான். வீட்டில் அவள் மட்டும். மேசைமேல் இன்னொருவருடைய கீழ்வரிசைப் பற்கள், மெழுகில் பாதி நட்டபடி கிடந்தன. அவள் மகளின் அறையில் நின்று, காலி மேசையைத் தூசு தட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்குள் கயிறு இழுபட்டது. எடைக்கட்டை இறங்கியது. டொக். டொக். சத்தம் நின்றது. கதவு திறந்தது.

அவள் அவசரப்படவில்லை. மகள் படிக்க உட்காரும் மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதிரே லிஃப்ட் திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. துடைத்த தரை. யாரும் இல்லை, எதுவும் இல்லை. அவள் பொத்தானைத் தொடவில்லை. காலியாகத் திரும்பினால் கீழே நிற்பவருக்கு அது 'சேந்துடுச்சு' என்றுதான் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியின் இரண்டு கால் லிஃப்டுக்குள்ளும் இரண்டு கால் மாடியிலுமாக, லிஃப்ட் வாசலின் குறுக்கே போட்டாள். அதில் உட்கார்ந்துகொண்டாள்.

கதவு மூட வந்தது. அவள் தோளில் மெல்ல இடித்து, பின்வாங்கிக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்தது. கீழே யாரோ பொத்தானை அழுத்தி அழுத்தி அலுத்துப்போய், "மேல யாருங்க கதவப் புடிச்சு வெச்சிருக்கறது?" என்று சத்தம் போட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் கைகளைக் கோத்தபடி, எதிரே கண்ணாடியில் நாற்காலியில் அமர்ந்திருந்தவளையும், அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்த தன் வீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு வந்தது, தோளைத் தொட்டது, போனது. மறுபடி வந்தது.